பட்டியல் இல்லாத பந்தி

கி.மு. 187இல் ரோமானியர்கள் போட்ட வியா எமிலியா என்ற சாலை, வட இத்தாலியில் ரிமினியிலிருந்து பியாச்சென்சா வரை இன்றும் ஏறக்குறைய நேர்க்கோடாகக் கிடக்கிறது. பொலோனியா, மோதெனா, ரெஜ்ஜியோ எமிலியா, பார்மா எல்லாம் இந்தச் சாலையின் மேல் வளர்ந்த ஊர்கள். சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டை விட்டு இறங்குவதில்லை. பொலோனியாவில் கோபுரங்களைப் பார்ப்பார்கள், மோதெனாவில் ஃபெராரி கார்களைப் பார்ப்பார்கள், பிறகு ரயிலேறி ஃப்ளாரன்ஸுக்கோ வெனிஸுக்கோ போய்விடுவார்கள். ஆனால் இந்த ஊர்க் கடைகளில் தொங்கும் பன்றித் தொடையும், அடுக்கிவைத்த சீஸும், சின்னக் குப்பியில் பெரிய விலைக்கு விற்கும் வினிகரும் சாலையின் இரு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவை. வடக்கே போ நதியின் சமவெளி, தெற்கே அபென்னைன் மலை. நாங்கள் தெற்கே திரும்பினோம்.

நாங்கள் என்றால் நானும் மோதெனாவில் வேலை பார்க்கும் நண்பரும். மதுரைக்காரர், இயந்திரப் பொறியாளர், இத்தனை வருடம் இத்தாலியில் இருந்தும் முட்டையைத் தாண்டாத சைவர். "வார நாள்ல டவுன்ல எங்க வேணா சாப்பிடுங்க சார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் மலைக்குப் போயிரணும்" என்பது அவர் கட்சி. முதல்நாளே போன் போட்டு இடம் சொல்லிவைத்தார். மறுமுனையில் கேட்டவை இரண்டு கேள்விகள்தான். எத்தனை பேர்? சாப்பிடாதது ஏதாவது உண்டா? என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

மலையடிவாரத்தில் வின்யோலா. செர்ரிப் பழத்துக்கு இத்தாலி முழுக்கப் பேர்போன ஊர். 1507இல் இங்கே பிறந்த கட்டடக் கலைஞர் யாக்கோபோ பரோட்சியை உலகம் ஊர்ப் பெயராலேயே வின்யோலா என்று அழைக்கிறது. நடுவில் ஒரு கோட்டை, பக்கத்தில் பனாரோ ஆறு. அங்கிருந்து குயில்யா வழியாக ஸோக்காவை நோக்கிச் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. அக்டோபர் மாதம். கீழே பழத்தோட்டம், கொஞ்சம் மேலே அறுவடை முடிந்து இலை சிவந்துகொண்டிருந்த திராட்சைக் கொடிகள், அதற்கும் மேலே ஓக், கடைசியில் செஸ்ட்நட் காடு. ரோக்கா மலத்தீனா என்ற இடத்தில் மணற்பாறைகள் காட்டுக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. வண்டியை நிறுத்திப் பார்க்கலாம் என்றேன். "பன்னெண்டரைக்கு இலை போட்டுருவாங்க சார், வரும்போது பாத்துக்கலாம்" என்றார் நண்பர். இத்தாலியில் ரயில் தாமதமாக வரலாம்; ஞாயிறு மதியச் சாப்பாடு தாமதமாகாது.

வீடு, சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் முடிவில் இருந்தது. கல்லால் கட்டிய இரண்டு மாடி. பெயர்ப்பலகை கையளவு; தெரிந்தவர்களுக்கு மட்டும் போதும் என்று நினைத்து மாட்டியது போலிருந்தது. சாப்பாட்டுக் கூடம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவம். செங்கல் வளைவுக் கூரை அப்படியே இருக்கிறது. சுவரை ஒட்டித் தீவனம் போடும் கல்தொட்டியும் இருக்கிறது. அதில் இப்போது ஒயின் பாட்டில்களைப் படுக்கவைத்திருக்கிறார்கள். மேசை ஏழோ எட்டோதான். விரிப்பின் மேல் காகிதம், தடித்த கண்ணாடித் தம்ளர்.

இந்தத் தொழுவம் சாப்பாட்டுக் கூடமானதற்குப் பின்னால் ஒரு சமூக வரலாறு இருக்கிறது. மத்திய இத்தாலியிலும் எமிலியாவிலும் நூற்றாண்டுகளாக நடந்த விவசாயம் மெட்சத்ரியா என்ற வாரமுறை. நிலமும் வீடும் பண்ணையாருடையவை, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்ததும் இளைஞர்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். 1964இல் புதிதாக வார ஒப்பந்தம் போடவே கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குள் மலைவீடுகள் பல பூட்டிக் கிடந்தன. தங்கியவர்கள் சிலர் உழுத நிலத்தையே விலைக்கு வாங்கினார்கள். 1985இல் இன்னொரு சட்டம்: விவசாயி தன் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கலாம், சமைத்துப் போடலாம், ஆனால் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். அக்ரிதூரிஸ்மோ என்று இன்று இத்தாலி முழுக்கப் பலகை தொங்குவது இதனால்தான். இந்த வீட்டுத் தாத்தா வாரத்துக்கு உழுதவர். அவர் மகன் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர், சமையல்காரரும் அவரே.

கையில் மெனு கார்டு தரவில்லை. மருமகள் மேசைக்கு வந்து நின்று ஒப்பிப்பதுதான் பட்டியல். முதலில் கொறிப்பதற்கு இன்னது, அடுத்து மாவுப் பண்டம் மூன்று, பிறகு இறைச்சி இரண்டு, கடைசியில் இனிப்பு ஒன்று. நண்பரைப் பார்த்ததும் "வாங்க இன்ஜினீயர்" என்றார். பட்டத்தைச் சொல்லி விளிப்பது இத்தாலியில் இன்றும் மாறாத மரியாதை. "உங்களுக்கு இறைச்சி இல்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இவர்?" என்றார். நான் எல்லாம் சாப்பிடுவேன் என்று நண்பர் மொழிபெயர்த்ததும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை மறைக்கவில்லை.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு இல்லை. பாட்டி நிற்பது தெரிந்தது. எண்பதைத் தொட்டவர். சிஞ்ஞோரா என்று நண்பர் வணங்கிக் கேட்டதும் உள்ளே வந்து பார்க்கச் சொன்னார்.

பெரிய மரப்பலகை, அதில் மாவு குவித்து நடுவே பள்ளம். கணக்கு எளிது: 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் கிடையாது. பிசைந்து மூடி அரைமணி வைத்த உருண்டையை எடுத்து, ஏறக்குறைய கை நீளத்துக்கு இருந்த உருளைக்கட்டையால் தேய்க்கத் தொடங்கினார். அழுத்துவதைவிட இழுப்பதுதான் அதிகம். உள்ளங்கைகள் கட்டையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டே போகின்றன. மாவு பலகையைத் தாண்டி விளிம்பில் தொங்க ஆரம்பித்ததும் வயிற்றால் அதைப் பலகையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மறுமுனையை இழுத்தார். கால் திருப்பு திருப்பி மறுபடி இழுத்தார். சற்று நேரத்தில் அது மஞ்சள் வேட்டி ஒன்றைக் காயப்போட்டது போல் பலகையில் கிடந்தது. சரியாகத் தேய்த்த தகட்டின் ஊடே சான் லூக்கா கோயிலைப் பார்க்க முடிய வேண்டும் என்பது பொலோனியாக்காரர்களின் பேச்சு வழக்கு. குன்றின் மேல் நிற்கும் அந்த ஊர் மாதா கோயில்தான் அது. இங்கே கோயிலுக்குப் பதில் பாட்டியின் விரல்கள் தெரிந்தன.

தகட்டைத் தளர்வாகச் சுருட்டி, கத்தியால் சரசரவென்று நாடா நாடாக நறுக்கி, கத்தியின் முதுகால் ஒரே தூக்காகத் தூக்கி உதறினார். தாலியதெல்லே தயார். மரப்பலகையில் மரக்கட்டையால் தேய்ப்பதால் மேற்பரப்பு லேசாகச் சொரசொரப்பாகிறது. குழம்பு வழுக்காமல் ஒட்டுவது அந்தச் சொரசொரப்பில்தான். இயந்திர உருளையில் வழவழவென்று வரும் நாடாவில் இது நடக்காது.

இதன் அகலத்துக்குப் பதிவுபெற்ற அளவு உண்டு. 1972இல் பொலோனியா வணிகச் சபையில், வெந்த தாலியதெல்லே 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று பதிவு செய்து, மாதிரிக்குத் தங்கத்தில் ஒரு நாடாவும் செய்துவைத்தார்கள். ஊரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று அதற்கு ஒரு கணக்கு வேறு. இதை நண்பர் பாட்டியிடம் கேட்டார். "பொலோனியாக்காரர்கள் அளந்துகொள்ளட்டும். இது மோதெனா" என்றார் அவர். இரண்டு ஊருக்கும் பகை பழையது. 1325இல், இங்கிருந்து அதிக தூரமில்லாத ஸப்போலீனோவில் நடந்த போருக்குப் பிறகு மோதெனாக்காரர்கள் பொலோனியாவின் கிணற்று வாளி ஒன்றைத் தூக்கி வந்துவிட்டார்கள். அந்த மர வாளியை இன்றும் ஊரில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். திருப்பித் தரும் உத்தேசம் இல்லை.

முதலில் வந்தது துணி போர்த்திய கூடை. உள்ளே கிரெஷென்தீனே. உள்ளங்கை அகலத்தில் வட்டமான, சூடான, தடித்த ரொட்டி. முன்பெல்லாம் சுட்ட மண்தட்டுகளுக்கு நடுவே செஸ்ட்நட் இலை வைத்துக் கணப்பில் அடுக்கிச் சுடுவார்களாம். இப்போது இரும்பு அச்சு. குறுக்கே பிளந்து, பூண்டும் ரோஸ்மேரியும் சேர்த்து அரைத்த பன்றிக்கொழுப்பைத் தடவி, சீஸைத் துருவிப் போட்டு மூடிச் சாப்பிட வேண்டும். கொழுப்பு ரொட்டியின் சூட்டில் உருகி உள்ளே இறங்கிவிடுகிறது. மலையில் மரம் வெட்டியவனின் சாப்பாடு இது. அதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தே சாப்பிடுகிற குற்ற உணர்ச்சி இரண்டாவது ரொட்டியில் மறைந்தது. நண்பருக்கு வதக்கிய காளானும் ஊறுகாய் போட்ட சின்ன வெங்காயமும் வந்தன. குடிக்க லம்புருஸ்கோ. நுரைக்கிற சிவப்பு ஒயின், சில்லென்று தருகிறார்கள். கொழுப்பை வெட்டுவதற்கென்றே இந்த மண்ணில் விளைந்தது என்று நம்பலாம்.

அடுத்துத் தாலியதெல்லேயும் ரகூவும். மாட்டிறைச்சி, பன்றி வயிற்றிறைச்சி, வெங்காயம், கேரட், செலரி, கொஞ்சம் தக்காளி, ஒயின், பால். மணிக்கணக்கில் சிறுதீயில் வேகிறது. உலகமெங்கும் உணவகங்களில் விற்கும் 'ஸ்பகெட்டி பொலோனேஸ்' பொலோனியாவின் மரபில் கிடையாது. இந்தக் குழம்பு முட்டை நாடாவோடுதான் சேரும். தக்காளி நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். பழுப்பு நிறம், கறியின் ருசி, அடியில் ஒரு மெல்லிய இனிப்பு. நாடாவில் பூசினாற்போல இருந்தது, தட்டின் அடியில் தேங்கவில்லை.

கூடவே ஒரு கிண்ணம் தோர்தெல்லினியும் ருசி பார்க்கச் சொன்னார்கள். சுண்டுவிரல் நுனியளவு. உள்ளே பன்றியிறைச்சி, மோர்தடெல்லா, ப்ரொஷூத்தோ, சீஸ், ஜாதிக்காய். கோழியும் மாட்டெலும்பும் கொதித்த தெளிவான சாற்றில் மிதக்கிறது. நண்பருக்குப் பெரிய அளவில் மடித்த தோர்தெல்லோனி. ரிக்கோத்தா சீஸும் கீரையும் அடைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் காய்ச்சி ஊற்றியது. என் தட்டை விட அது மேல் என்று ஒரு கரண்டி வாங்கிப் பார்த்தபின் ஒப்புக்கொண்டேன்.

மேலே துருவியது பார்மிஜானோ ரெஜ்ஜானோ. பார்மா, ரெஜ்ஜியோ எமிலியா, மோதெனா மாவட்டங்களிலும், பொலோனியா, மாந்துவா மாவட்டங்களின் ஒரு பகுதியிலும் செய்தால்தான் அந்தப் பெயர். முந்தின நாள் சாயங்காலப் பாலை இரவு முழுக்க ஆறவிட்டு ஆடையெடுத்து, காலைப் பாலோடு சேர்த்துச் செப்புக் கொப்பரையில் ஊற்றுவார்கள். சுமார் 40 கிலோ உருளை ஒன்றுக்கு 550 லிட்டர் பால் ஆகிறது. குறைந்தது 12 மாதம் முதிரவேண்டும். மாட்டுக்குப் புளிக்கவைத்த தீவனம் போடக் கூடாது. பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். விதிப்படி வேறு எதுவும் கூடாது. ஆகவே சைவர்கள் யோசிக்க வேண்டிய சீஸ் இது. நண்பர் யோசித்து முடித்துப் பல வருடமாகிவிட்டது. "அதை மட்டும் கணக்குல எழுதுறதில்ல சார்" என்றார்.

இந்தப் பாலுக்குப் பின்னால் இந்தியக் கைகள் இருப்பது பலருக்குத் தெரியாது. போ சமவெளியின் பால் பண்ணைகளில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் ஏராளம். விடியுமுன் எழுந்து மாட்டைப் பார்க்கும் வேலைக்கு இத்தாலிய இளைஞர்கள் வராமல்போனபோது வந்து நின்றவர்கள் அவர்கள். ரெஜ்ஜியோ எமிலியாவை அடுத்த நோவெல்லாராவில் 2000ஆம் ஆண்டே பெரிய குருத்வாரா திறந்துவிட்டார்கள். இத்தாலியின் மிக இத்தாலியப் பண்டம் என்று மார்தட்டும் சீஸ் இன்று பஞ்சாபியர் உழைப்பில்லாமல் ஓடாது. நகரத்து அரசியல் மேடைகளில் குடியேறிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் தட்டில் துருவிக்கொள்ளும்போது இதை நினைப்பதாகத் தெரியவில்லை.

இறைச்சி வரிசையில் எனக்கு அடுப்பில் சுட்ட முயல், ரோஸ்மேரி போட்ட உருளைக்கிழங்கு. நண்பருக்கு வெங்காயம் போட்ட முட்டை அடை. அதன் மேல் மகன் ஒரு சிறு குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டார். கறுப்பாக, தேன் பதத்தில் இறங்கியது. மோதெனாவின் மரபு பால்சமிக் வினிகர். கடையில் நாம் வாங்கும் பால்சமிக்கிற்கு மரப்பீப்பாயில் 60 நாள் போதும். இதற்குக் குறைந்தது 12 வருடம். 25 வருடம் தாண்டியது 'எக்ஸ்ட்ரா வெக்கியோ'. திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வைத்த பீப்பாய்களில் விடுகிறார்கள். வருடாவருடம் சின்னப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தக் குறையை அடுத்த பீப்பாயிலிருந்து நிரப்புகிறார்கள்; புதுச் சாறு போவது பெரிய பீப்பாய்க்குத்தான். வைக்கும் இடம் பரண். கோடையின் வெக்கையும் குளிர்காலத்தின் குளிரும் மாறிமாறிப் பட வேண்டும் என்பதுதான் காரணம். பெண் குழந்தை பிறந்தால் ஒரு வரிசை தொடங்கிக் கல்யாணத்தின்போது சீராகக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பக்கம் இருந்தது. இந்த வீட்டுப் பேத்திக்கும் ஒரு வரிசை இருக்கிறது. பேத்தி பொலோனியாவில் பொருளாதாரம் படிக்கிறாள். ஞாயிறு மட்டும் வந்து தட்டு எடுக்கிறாள்.

இனிப்பு ட்ஸுப்பா இங்லேசே, பிறகு காப்பி. சாப்பாட்டுக்குப் பின் பால் சேர்த்த கப்புச்சினோ கேட்பது இங்கே விசித்திரம். அது காலை பதினொரு மணியோடு சரி. கடைசியாகக் கறுப்பாக ஒரு சிறு கிண்ணம், நோச்சினோ. ஜூன் 24, புனித யோவான் திருநாளையொட்டிப் பறித்த பச்சை அக்ரோட்டுக்காயைச் சாராயத்தில் ஊறவைத்தது. செரிமானத்துக்கு என்றார்கள். அதற்குள் மணி மூன்றாகியிருந்தது. எந்த மேசையும் காலியாகவில்லை, யாரும் காலி செய்யச் சொல்லவும் இல்லை. ஒரு மேசை ஒரு வேளைக்கு ஒரு குடும்பத்துக்குத்தான்.

ஒருவருக்கு 30 யூரோவை ஒட்டி வந்தது. மேசைக்கும் ரொட்டிக்குமான கோபெர்த்தோ 2 யூரோ அதில் அடக்கம். டிப்ஸ் எதிர்பார்க்கவில்லை. இந்த விலைக்கு எப்படிக் கட்டுகிறது என்று மகனிடம் கேட்டோம். மறைக்காமல் சொன்னார். வாரத்தில் வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மதியம் வரைதான் கடை. மற்ற நாள் தோட்டமும் பன்றியும் கோழியும். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிவதால் வீணாவது இல்லை. நாலு பண்டம்தான் என்பதால் சமையலுக்கு ஆள் போட வேண்டியதில்லை. "ஆனால் அம்மாவுக்கு ஒரு மணிக்கு இவ்வளவு என்று கூலி போட்டால் இந்த விலைக்கு மேல் இன்னொரு மடங்கு வேண்டும்" என்றார். அம்மாவின் வலது தோள் இப்போதெல்லாம் குளிர்காலத்தில் ஒத்துழைப்பதில்லை என்றும் சொன்னார். மருமகளும் மாவு தேய்ப்பார். ஆனால் அவ்வளவு மெல்லிசாக வராது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

கிராமத்துக் குடும்ப உணவகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பாட்டியின் கைமணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கைமணம் பெரும்பாலும் கூலி எழுதாத பெண்களின் உழைப்பு. 1986இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிகளுக்கு அருகே மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது எழுந்த எதிர்ப்பை ஒட்டித்தான் கார்லோ பெத்ரீனியின் ஸ்லோ ஃபுட் இயக்கம் உருவெடுத்தது. இப்படிப்பட்ட எளிய உணவகங்களைத் தேடிப் பதிந்து 1990 முதல் வழிகாட்டி நூலும் வெளியிடுகிறது. அதனால் பல கடைகள் பிழைத்தன. ஆனால் மாவு தேய்க்க அடுத்த கை வராவிட்டால் எந்த வழிகாட்டியாலும் காப்பாற்ற முடியாது. பேத்தியிடம் நண்பர் கேட்டார், படித்து முடித்து மேலே வருவாயா என்று. "விலையை ஏற்றினால் வருவேன்" என்றாள். பொருளாதாரம் சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எனக்குப் பட்டது இது: அந்தச் சமையலின் பலம் அது மறுப்பவற்றில் இருக்கிறது. நூறு பண்டம் இல்லை, எல்லா நாளும் இல்லை, எல்லா நேரமும் இல்லை, எல்லாருக்கும் இடமும் இல்லை. அன்றைக்குத் தோட்டத்திலும் கொட்டிலிலும் இருப்பதை, அந்த வீட்டுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்ததை மட்டும் செய்கிறார்கள். விருப்பப்பட்டதைக் கேட்கும் உரிமையை வாசலில் விட்டுவிட்டு உட்காருகிறவனுக்கு அது கிடைக்கிறது.

இத்தாலி போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொலோனியாவுக்கோ மோதெனாவுக்கோ போனால் ஒரு ஞாயிறு மதியத்தை மலைக்கு ஒதுக்குங்கள். முதல்நாளே போன் செய்யுங்கள். சைவம் என்றால் இறைச்சி வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், சாற்றிலும் பொரிக்கும் கொழுப்பிலும் இறைச்சி கூடாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் பட்டினி. பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். விலை கொஞ்சம் கூடியிருந்தால் முணுமுணுக்காதீர்கள்; அந்தப் பேத்தி மலைக்குத் திரும்புவது அதில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதென்றால் மட்டும் போகாதீர்கள்.